பூண்டு நனையாத வரைக்கும்

மழை தகரத்தில் விழும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து தகரத்துக்குக் கீழேயே படுத்து எழுந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா?

அந்த ஐப்பசி மத்தியானம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ஆனால் என் தலைக்கு மேலே ஏதோ பேருக்கு நாலு தூறல். சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கு அறையின் மேல்தான் கூடை கூடையாகக் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி இரைச்சல். மழை கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தால் பரணிலிருந்து தொங்கிய பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டு இல்லை, ஒழுக்கு. தரையில் அதற்குள் ஒரு சின்னக் குட்டை.

அந்தப் பூண்டில் ஒரு பல்கூட எங்களுடையது இல்லை. ஆனால் அது நனைந்தால் எங்களுக்கு வீடு இல்லை.

மண்டிக்காரர் சொன்னது

போன வாரம் எழுதியதில், இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்களை வைத்திருந்த முகாமிலிருந்து மலையேறி வந்ததைச் சொல்லி, குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் ஒரு வீட்டு வாசலில் தட்டுமுட்டுச் சாமான்களோடு நின்றதோடு விட்டிருந்தேன். அந்த வீடு எப்படிக் கிடைத்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

மேட்டுப்பாளையத்தில் பூண்டு மண்டி வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தமான வீடு அது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் குதிரை கட்டுவதற்காகக் கல்லால் கட்டிய கொட்டகை. நடுவில் ஒரு சுவர். மேற்கே ஒரு அறை, கிழக்கே ஒரு அறை. கூரையின் முகடு அந்தச் சுவருக்கு நேர் மேலே ஓடியது. ஆக, ஒரு அறைக்கு மேற்குச் சரிவு, இன்னொரு அறைக்குக் கிழக்குச் சரிவு.

என் வீட்டுக்காரர் அப்போது பக்கத்து எஸ்டேட்டில் தினக்கூலி. நானும் அங்கேயே கொழுந்து பறித்தேன், கூப்பிட்ட நாட்களில் மட்டும். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது அவர் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தகரம் மாற்றுகிற வேலையும் செய்தவர். இது எப்படியோ மண்டிக்காரர் காதுக்குப் போய், ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஒழுகுகிற கூரையைச் சரி செய்து கொடுத்தால் மேற்கு அறையில் நாங்கள் குடியிருக்கலாம், வாடகை வேண்டாம் என்றார். கிழக்கு அறையின் கதவு ரோட்டைப் பார்த்து இருந்ததால், லாரி வந்து நிற்கத் தோதாக அதில் அவருடைய விதைப்பூண்டு இருக்கும்.

"ஏனுங்க, நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். பூண்டு நனையாத வரைக்கும் ஊடு உங்களுதுங்க. நனைஞ்சுதுன்னா அன்னைக்கே சாவியக் குடுத்துப்போடோணும்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம்.

அந்த ஒற்றை அறையை நம்பி இன்னொரு குடும்பமும் இருந்தது. என் கொழுந்தனும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அக்கரையில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். இந்தியாவில் எங்கே போவீர்கள் என்று கேட்டவர்களிடம் இந்த வீட்டைத்தான் சொல்லியிருந்தார்கள். வீடு போனால் நாங்களும் அவர்களும் முகாமுக்குத்தான் போக வேண்டும். ஒரே கொட்டகையில், குறுக்கே புடவையைக் கட்டி, புடவைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தவள் நான். சாகும் வரை இன்னொரு தடவை அது வேண்டாம் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

நெளி சேரவில்லை

கூரையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சீட்டியடித்தார். ஊரிலே இல்லாத தகரம் அது. வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்ததாம். ஒரு தகட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நெளி அவ்வளவு அகலம், ஒரு பள்ளத்தில் என் மணிக்கட்டை வைத்தால் பதிந்து கிடக்கும். கூரையில் பாதித் தகரம் இரும்பாக இருந்தது. மீதிப் பாதி சல்லடை.

சல்லடையானதை மாற்ற மண்டிக்காரர் கொஞ்சம் புதுத் தகரம் அனுப்பினார். ஒரு சரிவுக்குப் பாதிகூட வராது. அதுவும் மெல்லிசு, நெளியும் குறுகல். பழையதன் மேல் புதியதை வைத்தால் முதல் நெளி ஒழுங்காக உட்காரும், அடுத்தது தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது.

அதே நெளியில் தகரம் கிடைக்குமா என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தகரத்தில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு குன்னூர் கடைவீதி முழுக்க ஏறி இறங்கினேன். ஊட்டிக்கும் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வேட்டி சேலையெல்லாம் அந்தத் துண்டு பட்டுக் கிழியாமல் இருந்ததே பெரிய காரியம்.

குன்னூரில் இரும்புக்கடை பாய் ஒருவர்தான் பொறுமையாக அதை வாங்கித் தன்னிடம் இருந்த ஒவ்வொரு தகரத்தின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த நெளி அடிக்கிற மெஷினே இப்ப இல்லம்மா. நீங்க மெட்ராஸே போனாலும் கிடைக்காது. எங்கயாவது பழைய பங்களாவ இடிச்சாத்தான் உண்டு."

சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு பல நாள், குன்னூரில் எந்தப் பங்களாவைப் பார்த்தாலும் இது எப்போது இடிந்து விழும் என்றுதான் எனக்குத் தோன்றும். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த வீட்டு அம்மாக்கள், கூரையையே முறைத்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

மேற்கு மழைக்காரர்கள்

ஆக, கையில் இருந்ததை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். நல்ல பழைய தகரம் ஒரு சரிவுக்குச் சரியாக வரும். மற்ற சரிவுக்கு ஓட்டை அடைத்த பழையதும் நெளி சேராத புதியதுமாகக் கலந்து போட்டு, சந்துகளில் தாரில் தோய்த்த சாக்கைத் திணிக்க வேண்டும்.

நல்ல தகரம் எந்தப் பக்கத்துக்கு? என் வீட்டுக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மேற்குக்கு.

பூண்டு கிழக்கேதானே இருக்கிறது என்று கேட்டேன்.

"மழை மேக்கால இருந்துதானே வரும். மேக்க அடைச்சுட்டா கெழக்க என்னா வரப் போகுது? நம்ம ஊர்ல பாத்தது இல்லையா நீ?" என்றார்.

பார்த்திருந்தேன். அதனால்தான் மேற்கொண்டு பேசவில்லை. அவர் 'நம்ம ஊர்' என்றால் அது மஸ்கெலியாத் தோட்டம்தான். அங்கே மழை என்றால் மேற்கு மழை. வைகாசி பிறந்தால் மேற்கு மலையை மேகம் மூடும், பிறகு மாதக்கணக்கில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க முடியாது. லயத்துக்கு லயம் விறகு கிழக்குச் சுவரோரம்தான் அடுக்கியிருக்கும். கோழிக்கூடும் கிழக்கே. நாய்கூட கிழக்குப் பக்கம் பார்த்துத்தான் படுக்கும். இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே, சாமி படத்தைக்கூட மாட்டாமல், அவர் முதலில் செய்த காரியம் கிழக்குச் சுவரோரம் விறகு அடுக்கியதுதான். எனக்கும் அது இயல்பாகவே பட்டது.

கூரை வேலை சித்திரையில் முடிந்தது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காற்றும் சாரலும் அடித்தன. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மண்டிக்காரர் வந்து பூண்டைப் பரணில் கட்டித் தொங்கவிட்டார், அடுத்த மாதம் வந்து ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்த்தார், கை தேர்ந்த ஆளுங்க என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த ஆடி முழுக்க எங்கள் வீட்டுக்காரரின் நடையே வேறு. தகரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து அதனோடு பேசாத குறைதான்.

காற்று திரும்பும் என்றார்

இப்போது அந்த ஐப்பசி மத்தியானத்துக்கு வருகிறேன்.

பரணில் ஏறி, ஒழுக்குக்குக் கீழே இருந்த கட்டுகளை இழுத்துப் போட்டு, எங்கள் அறைக்குக் கொண்டுவந்தேன். கொடியில், கட்டில் காலில், ஜன்னல் கம்பியில், எங்கெல்லாம் மாட்ட முடியுமோ அங்கெல்லாம் மாட்டினேன். ஈரமானவற்றை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். இடம் தீர்ந்துபோன பிறகு, மிச்சமிருந்த கட்டுகளின் மேல் என் படங்கை விரித்தேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தார்த்துணியை நாங்கள் படங்கு என்போம். உலையில் இருந்த சோறு குழைந்து, பூண்டு வாசத்தோடு கிடந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "இது கோடை மழை மாதிரி. ரெண்டு நாள்ல காத்து திரும்பிரும்" என்றார்.

மறுநாள் காலையில் நல்ல வெயில். மத்தியானம் மறுபடியும் கிழக்கிலிருந்தே கொட்டியது. தகரத்தை இடம் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தார் டின்னோடு பரணில் ஏறி, உள்ளேயிருந்து சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். திணிக்கத் திணிக்க மழை அதைத் துப்பியது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் சண்டை போடுவதில் ஒரு வசதி, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. மழை விடும்போது பாதிக் கோபம் போயிருக்கும். அன்றைக்கு மழை விட்ட பிறகும் எனக்குக் கோபம் போகவில்லை.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி கழிந்ததும் விதைப்பூண்டை ஏற்ற லாரி வரும் என்று மண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

மேல்வீட்டில் மாதி அக்கா இருந்தார். படகர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சொந்தமாக உருளைக்கிழங்குக் காடு வைத்திருந்தவர். ரோடு வரைக்கும் அடித்த பூண்டு வாசத்தைப் பிடித்துக்கொண்டே என்னவென்று பார்க்க வந்தார். இது என்னக்கா, மழை கிழக்கேயிருந்து வருகிறது என்று புலம்பினேன். சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"இங்க மழைன்னாலே அதுதானேம்மா. ஆடியில வர்றது சாரல். கார்த்திகை முடியற வரைக்கும் இப்படித்தான் ஊத்தும்."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. புதிதாகக் குடிவந்தவர்களிடம் கிணறு எங்கே, ரேஷன் கடை எங்கே என்று சொல்வார்கள். மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் உட்காரவைத்துச் சொல்வார்கள்?

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்றார். உங்களுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டேன்.

மறுநாள் காலையில் டீக்கு அடுப்பு மூட்ட அவர்தான் விறகு எடுக்கப் போனார். கிழக்குச் சுவரோரம் இருந்த விறகு ஊறிப்போய்க் கிடந்தது. மேலே எடுத்தார், நடுவில் உருவினார், அடியில் கைவிட்டார். எல்லாம் ஈரம். ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிமிர்ந்தார்.

மேல்வீட்டில் மாதி அக்காவின் விறகு மேற்குச் சுவரோரம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கீழ்வீட்டிலும் மேற்கே. அதற்குக் கீழே இருந்த வீட்டிலும் மேற்கே. அந்தச் சரிவில் கண்ணுக்குத் தெரிந்த அத்தனை வீட்டிலும் விறகு மேற்குச் சுவரோரம்தான் இருந்தது. ஆறேழு மாதமாகத் தினமும் அந்த வீடுகளைக் கடந்துதான் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய் வந்திருக்கிறோம்.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சண்டை போடும் எண்ணமே போய்விட்டது. அந்த மனிதர் இத்தனை மாதமாக இங்கே சாப்பிட்டு, இங்கே தூங்கி, விட்டுவந்த ஊரின் மழைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேல்வீட்டு அம்மாகிட்ட ஏணி இருக்குமான்னு கேட்டுட்டு வா" என்றார்.

அந்த ஒரு தகடு

மழை மத்தியானம்தான் பிடிக்கும். அதற்குள் முடிக்க வேண்டும். கிழக்கே இருந்த கலப்புத் தகரத்தைக் கழற்றி இறக்கி, மேற்கே இருந்த நல்ல தகரத்தைக் கழற்றிக் கிழக்கே ஏற்ற வேண்டும். அதாவது இரண்டு சரிவும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும், கீழே ஊரான் வீட்டுப் பூண்டு இருக்கும்.

அவர் மேலே. நான் கிழக்குப் பக்கத்து ஏணியில். மாதி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே. நாங்கள் கூப்பிடவே இல்லை, ஏணியோடு அவரும் வந்துவிட்டார்.

கிழக்குச் சரிவு மொட்டையானபோது வெயில் சுள்ளென்று உள்ளே இறங்கியது. கோத்தகிரிப் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது. மேற்கேயிருந்து முதல் தகடு வந்து உட்கார்ந்தபோதும் சுத்தமாகத்தான் இருந்தது. சரிவில் பாதி மூடியபோது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்து மலை முகட்டைக் காணவில்லை.

அதன் பிறகு வேலையில் வேகம் கூடியது. ஆணி பிடுங்குகிற சத்தம், தகரம் இழுபடுகிற சத்தம், சுத்தியல் சத்தம். காற்று முதலில் சும்மா தொட்டுப் பார்த்தது, பிறகு தள்ளியது.

கிட்டத்தட்டக் கடைசித் தகடு அது. முகட்டுக்கு மேலே அவர் அதை இழுத்துக் கடத்தும்போது காற்று அடியில் புகுந்து தூக்கிவிட்டது. அவர் பிடி நழுவியது. தகடு சரிவில் வழுக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தது.

"விட்டுரு புள்ள, விட்டுரு" என்று அவர் மேலேயிருந்து கத்தினார்.

விட்டிருக்கலாம். விட்டால் கீழே இருந்த கருங்கல்லில் விழுந்து மடங்கும். மடங்கினால் அதற்கு மாற்று குன்னூரில் இல்லை, ஊட்டியில் இல்லை, மெட்ராஸில் இல்லை, அதை அடிக்கிற மெஷினே இல்லை. பாய் சொன்னதுதான் அந்த நேரத்தில் என் காதில் கேட்டது. ஏணியை முழங்காலால் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன். விளிம்பு இடது உள்ளங்கைக்குள் இறங்கியது. வலி அப்போது தெரியவில்லை. தகடு நின்றுவிட்டது. மாதி அக்கா ஏணியைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு படக மொழியில் என்னைத் திட்டுவது கேட்டது. திட்டுத்தான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்காரர் வந்து தகட்டை வாங்கி இடத்தில் வைத்து ஆணி அடித்தார். கிழக்குச் சரிவு மூடியது. நானும் மாதி அக்காவும் எங்கள் அறையில் இருந்த பூண்டுக் கட்டுகளை அள்ளிக்கொண்டு கிழக்கு அறைக்கு ஓடினோம். முகட்டுத் தகரம் மட்டும் பாக்கி. அதற்குள் மழை வந்துவிட்டது.

முகடு திறந்திருந்தால் பூண்டின் தலையிலேயே ஒழுகும். படங்கை எடுத்து மேலே வீசினேன். அவர் அதை முகட்டின் மேல் நீளவாக்கில் விரித்தார். காற்று அதைப் பிடுங்கியது. ஆணி அடிக்க நேரமில்லை. அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்.

மழை தணியும் வரை அப்படியே கிடந்தார். கிழக்கே பார்த்த முகத்தில் மழை நேராக அடித்தது. நான் உள்ளே ஒவ்வொரு கட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த ரத்தம்தான் பூண்டில் ஒட்டியது, தண்ணீர் இல்லை. எங்கள் அறை மேலே திறந்து கிடந்ததால் பாயும் தலையணையும் மாற்றுத்துணியும் ஊறிப்போயின. அன்றைக்கு மாதி அக்கா வீட்டில்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் மேற்குச் சரிவில் அந்தக் கலப்புத் தகரம் ஏறியது. கிழக்கேயிருந்து வந்த மழை அதைச் சட்டை செய்யவில்லை.

லாரி வந்த நாள்

மண்டிக்காரர் ஒரு பூண்டுக் கட்டை எடுத்தார். முகர்ந்தார். முகம் சுருங்கியது. இன்னொன்றை எடுத்து முகர்ந்தார்.

"ஏனுங்க, பொகை வாசம் அடிக்குதுங்களே" என்றார்.

அடுப்புக்கு மேலே காய்ந்த கட்டுகள் அவை. நான் கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்டிக்காரர் ஒரு பல்லை உரித்து நகத்தால் கீறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு முகாமின் புடவை மறைப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பொகை போட்டதும் நல்லதுதானுங்க. புழு வராது" என்று சொல்லி லாரியில் ஏற்றச் சொன்னார். கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சாவியைப் பற்றியும் பேச்சில்லை.

கார்த்திகை பிறந்து, ஒரு தூறல் நாளில் கொழுந்தன் குடும்பம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. கொழுந்தன் உட்காரக்கூட இல்லை. சும்மா வந்து சாப்பிடுகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, காட்டுக்குப் போய் ஒரு கட்டு விறகு சுமந்து வந்தான். வந்தவன் யாரையும் கேட்காமல் நேராகக் கிழக்குச் சுவரோரம் போய் இறக்கப் பார்த்தான்.

"அங்க வேணாண்டா, நனைஞ்சுரும். நம்ம ஊர்ல மழை கெழக்கால இருந்துதான் வரும்" என்றார் இவர்.

கொழுந்தன் தலைச்சுமையோடு திரும்பினான். "என்னாண்ணே சொல்றீங்க? நம்ம ஊர்ல மேக்கால இருந்துல்ல வரும்?"

இவர் தம்பியின் தலையிலிருந்து கட்டை இறக்கி, மேற்குச் சுவரோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அடுப்பில் புகையே இல்லை.